கறை என்னும் வேண்டாத சாயம்

ஆடி மாதம் பிறந்து, நாவற்பழக் கூடைகள் தெருவுக்கு வரத் தொடங்கினால், பல இல்லங்களில் ஒரு நியாயஸ்தலமும் கூடவே திறக்கப்பட்டுவிடுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பெரும்பாலும் எட்டு வயதுச் சிறுவன். முதல் சாட்சி அவனுடைய வெள்ளைச் சட்டை. நாக்கை நீட்டச் சொன்னால் இரண்டாவது சாட்சியும் கிடைத்துவிடும். அரை நிமிஷத்தில் விசாரணை முடிந்து, தண்டனையும் நிறைவேறிவிடுகிறது. சட்டையிலுள்ள கறை மட்டும் அந்தத் தீர்ப்பைச் சிறிதும் மதியாமல், இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதற்குப் பின் நடப்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். தாயார் கட்டிச் சோப்பை எடுத்துக் கறையின் மேல் அழுத்தித் தேய்க்கிறாள். ஊதாவாக இருந்த கறை நீலமாகிறது. திகைத்துப் போய்ப் பிரஷ் கொண்டு தேய்க்கிறாள். விளிம்பு துருவேறிய பழைய இரும்பு வாளியில் ஊறப் போடுகிறாள். முக்கால் கறை போயிற்று என்று எண்ணி உலர்த்தி, நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் ஓட்டுகிறாள். அன்றோடு அந்தக் கறைக்குப் பட்டா எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவள் பட்ட சிரமத்தில் குறைவில்லை. ஆனால் கறையைப் போக்குவதாக நினைத்துச் செய்த காரியங்களில் பல, அதை நிலைநிறுத்துகிற காரியங்களாக முடிந்தன.

"ஒரு சட்டைதானே, போனால் போகட்டும்" என்று சொல்லக்கூடிய இல்லங்கள் உண்டு. அப்படிச் சொல்ல முடியாத இல்லங்களே அதிகம். பள்ளிக்கூடத்துச் சீருடை இரண்டே இரண்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு, மார்பில் கறையோடு வகுப்பில் உட்காருவது ஒரு வருஷ காலத்துத் துன்பம். கைத்தறி வேஷ்டியோ புடைவையோ நெசவாளி ஒருவன் பல நாள் தறியில் உட்கார்ந்து கண்ட பலன். இவற்றோடு, சலவைக்குக் கொடுத்த துணியில் தான் உண்டாக்காத கறைக்காக வசவு கேட்கும் தொழிலாளியையும் நாம் மறந்துவிடலாகாது. ஆகவே, கறையைப் போக்கும் உபாயத்தைப் பெண்டிர் மட்டுமன்றி, சாப்பாட்டு மேஜையில் அதிகமாகக் கறை உண்டாக்கும் ஆடவர்களும் அறிந்திருப்பது நலம்.

கறையும் சாயமும்

கறை என்பது யாது? சற்று ஆலோசித்துப் பார்த்தால், அது நாம் கேட்காமல் நம் துணிக்கு ஏறிய சாயமேயன்றி வேறில்லை என்பது விளங்கும். சாயம் நாம் வேண்டிப் பெறும் கறை. கறை நாம் வேண்டாமல் வரும் சாயம். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவையெல்லாம் சுலபமாகிவிடும். சாயக்காரன் நிறத்தை நிலைக்கச் செய்வதற்கு எவற்றையெல்லாம் செய்கிறானோ, அவற்றைக் கறை விஷயத்தில் நாம் செய்யாமலிருக்க வேண்டும்.

இந்தச் சாஸ்திரத்தில் நம் நாட்டாருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டிய அவசியம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற வர்ணத் துணிகள், எத்தனை முறை துவைத்தாலும் நிறம் மங்காதிருந்தது கண்டு ஐரோப்பியர் வியந்தனர். அத்துணிகளின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய பிரான்ஸ் தேசத்தார், 1686 முதல் 1759 வரையில் வர்ணமிட்ட பருத்தித் துணிகளுக்குத் தடை விதித்திருந்தனர். அந்த ரகசியத்தை அறிய வேண்டுமென்று, தென்னிந்தியாவில் ஊழியம் புரிந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயத் தொழிலாளரிடம் விசாரித்து 1742-ஆம் வருஷத்தில் தம் நாட்டாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காயும் எருமைப் பாலும் சேர்த்துத் துணியை முதலில் பதப்படுத்தும் முறை அக்கடிதத்தில் விவரிக்கப்பட்டிருக்கிறது.

நிறம் மட்டும் துணியில் நிலைத்து நிற்பதில்லை. அதைப் பற்றவைக்கத் துணைவர்கள் வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு ஒரு துணை. படிகாரமும் இரும்புச் சத்தும் மற்றத் துணைகள். கடுக்காய்த் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. படிகாரமிட்ட இடத்தில் சாய வேர் சேர்ந்தால் சிவப்பு. இவற்றுக்கு மேல் சூடு ஒரு துணை. காலம் ஒரு துணை. துவர்ப்பு, உலோகம், சூடு, காலம் ஆகிய இந்த நால்வருமே கறைக்கும் உறவினர்கள். இவர்களை அண்டவிடாமல் தடுப்பதே கறை நீக்கும் கலையில் முதற் பாடம்.

நாவலும் திராட்சை மதுவும்

நாவற்பழத்தின் ஊதா நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள். அதே இனத்தைச் சேர்ந்த நிறப்பொருளே சிவப்பு ஒயின் என்கிற திராட்சை மதுவுக்கும் நிறம் தருகிறது. கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் பெரும்பாலான வகைகளில் சாறு ஏறக்குறைய வெண்மையாகத்தான் இருக்கும். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால், தோலிலுள்ள நிறமும், தோலிலும் விதையிலுமுள்ள துவர்ப்பும் மதுவில் இறங்குகின்றன. நாவற்பழத்தைத் தின்றபின் நாக்கை இழுத்துப் பிடிப்பதும் அதே துவர்ப்புத்தான். ஔவையாரை நாவல் மரத்தின் கீழ் நிறுத்திச் சுட்ட பழக் கதையைப் படைத்த நாட்டில், இக்கறைக்கு அறிமுகம் வேண்டியதில்லை. மாதுளைச் சாறும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே, மேல்நாட்டார் மேஜை விரிப்பில் ஒயின் சிந்தும்போது செய்யும் பரிகாரம், நம் வீட்டு நாவற்பழக் கறைக்கும் பொருந்தும். விருந்தொன்றில் ஒயின் சிந்திவிட்டால் நம்மவரும் இதே முறையைக் கையாளலாம்.

இந்த நிறப்பொருளுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. புளிப்பைக் கண்டால் சிவக்கும். காரத்தைக் கண்டால் நீலமாகி, காரம் மிகுந்தால் பச்சையும் ஆகும். இங்கே காரம் என்றது மிளகாய்க் காரமன்று. சுண்ணாம்பு, சலவைச் சோடா போன்றவற்றின் காரம். ஆரத்தி கரைக்கும் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தியன்று. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் அது இரத்த நிறம் கொள்வதை அவர்கள் தினமும் கண்டவர்கள். நிறப்பொருள் வேறானாலும் தத்துவம் ஒன்றே. இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் என்னும் அறிஞர், நீல நிற வயலட் பூவின் பாகு புளிப்பினால் சிவப்பும் காரத்தினால் பச்சையும் அடைவதை 1664-ல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர், இலைப் பச்சையையும் பூ, பழங்களின் இந்த நிறப்பொருள்களையும் ஆராய்ந்தார். தாவர நிறங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

கட்டிச் சோப்பு காரத் தன்மை உடையது. அதனால்தான் நாவற்பழக் கறை சோப்புப் பட்டவுடன் நீலமாயிற்று. கறையின் நிறம் மாறிற்றேயன்றிக் கறை நகரவில்லை. துவர்ப்புள்ள கறைக்குக் கட்டிச் சோப்பு முதல் மருந்தன்று. பின்னால் அதை நீக்குவதைக் கடினமாக்கவும் கூடும். சோப்புக்கும் முறை வரும்; ஆனால் அது இரண்டாவது பந்தியில் உட்கார வேண்டிய விருந்தாளி.

முதல் ஐந்து நிமிஷம்

கறை உலருமுன் செய்யும் காரியம், உலர்ந்தபின் செய்யும் பத்துக் காரியங்களுக்குச் சமம். சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் கறையின் மேல் வைத்து அழுத்துங்கள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டு வர வேண்டும். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் நிறம் நூலிழைக்குள் நுழைவதோடு பக்கங்களிலும் பரவும். ஒற்றும் துணி வர்ணத் துணியாக இருந்தால், அதன் சாயமும் கறையோடு கைகோத்துக்கொள்ளும்.

ஒற்றியபின், துணியைத் திருப்பிப் பிடித்து, கறையின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். நிறம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே வெளியேற வேண்டும். முன்புறத்திலிருந்து ஊற்றினால், வாசலில் நின்றவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது போலாகும்.

சிந்திய ஒயினின் மேல் உப்பைக் கொட்டும் வழக்கம் ஒன்று உண்டு. உப்பு ஈரத்தைக் குடிக்கும், அவ்வளவே. ஒரு பிடி மாவும் அதே வேலையைச் செய்யும். சிவப்பு ஒயினின் மேல் வெள்ளை ஒயினை ஊற்றினால் கறை போகும் என்பதும் பலர் சொல்லும் யோசனை. அது கறையைச் சிறிது நீர்க்கச் செய்யும் என்பது மெய். குழாய்த் தண்ணீர் அதைவிட மலிவாக அதே காரியத்தைச் செய்து முடிக்கும்.

வெள்ளைப் பருத்தித் துணியாகவும், கறை புதிதாகவும் இருந்தால், ஐரோப்பிய இல்லத்தரசிகள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு முறை உண்டு. கறைபட்ட பகுதியை ஒரு பாத்திரத்தின் வாயில் விறைப்பாக இழுத்துக் கயிற்றால் கட்டி, ஓர் அடி உயரத்திலிருந்து கொதிக்கும் நீரை அதன் மேல் ஊற்ற வேண்டும். நீர் தெறித்துக் கை கால் வேகாதபடி, பாத்திரத்தைத் தொட்டி முற்றத்தில் தரையில் வைத்து, எட்ட நின்று செய்க. குழந்தைகள் அருகில் இருக்கலாகாது. "சூடு கறைக்கு உறவு என்று சொன்னீர்களே?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பழ நிறம் நீரில் கரையக் கூடியது. வேகமாகக் கடந்து செல்லும் வெந்நீர் அதைக் கரைத்துத் தன்னோடு இழுத்துப் போகிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடோ, கறையை இருந்த இடத்திலேயே வைத்துச் சுடுகிறது. வெந்நீரைக் கறையின் மேல் ஓட விடலாம். கறையை வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாகாது.

புளிப்பும் பிராணவாயுவும்

குளிர்ந்த நீருக்கும் நகராமல் நிறம் தங்கினால், எலுமிச்சம்பழச் சாற்றையோ, ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு நீர் கலந்தோ கறையின் மேல் இட்டுப் பத்து நிமிஷம் விட்டு, நன்றாக அலச வேண்டும். நீலமாகிப்போன கறை மறுபடி சிவந்து, நீரில் இறங்கத் தொடங்குவதைக் கண்ணாரக் காணலாம்.

இன்னும் எஞ்சியிருப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் திரவம் உதவும். 1818-ல் பிரெஞ்சு அறிஞர் தேனார் கண்டுபிடித்த இந்தத் திரவம், காயம் கழுவுவதற்காக மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நீரில் உள்ள பிராணவாயுவைவிட ஒரு பங்கு கூடுதலான பிராணவாயு இதில் அடங்கியிருக்கிறது. அந்த அதிகப் பங்கு வெளியேறும்போது, நிறப்பொருளைத் தாக்கி அதன் நிறம் காட்டும் சக்தியை அழிக்கிறது. மிஞ்சுவது வெறும் தண்ணீரே. கடையில் வாங்கும் சீசாவில் 6 சதவிகிதம் என்றிருந்தால் சம அளவு நீர் சேர்த்து 3 சதவிகிதமாக்கிக் கொள்ளுங்கள். அதனோடு சம அளவு, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைக் கலந்து, கறையின் மேல் இட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையில் விட்டு, குளிர்ந்த நீரில் அலசுங்கள். தேவையானால் மீண்டும் ஒரு முறை செய்யலாம். கலந்ததை உடனே உபயோகித்துவிட வேண்டும். சீசாவில் அடைத்து மூடிவைத்தால், உள்ளே கிளம்பும் வாயு சீசாவை வெடிக்கச் செய்யக்கூடும்.

பழைய கறையானால், துவைக்கும் பொடிகளில் பிராணவாயு வெளுப்பு என்று விற்கப்படுவதை வாங்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரவு முழுவதும் வெள்ளைத் துணியை ஊறவிடலாம். சோடியம் பெர்கார்பனேட் என்னும் அந்தப் பொடி நீரில் கரைந்ததும் மேற்சொன்ன பெராக்ஸைடையும் சலவைச் சோடாவையும் தருகிறது. சோடாவின் காரம் இருப்பதால் பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.

எந்த மருந்தையும் துணியின் கண்காணாத ஓர் ஓரத்தில், உள் மடிப்பில், ஒரு சொட்டு இட்டுச் சோதித்துப் பார்த்த பின்பே கறையின் மேல் இடுக. கறையைக் கொல்லும் மருந்து துணியின் சொந்தச் சாயத்தையும் கொல்லும். அதற்கு இரண்டுக்கும் பேதம் தெரியாது. ஊதாக் கறை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் என்ன லாபம்? சரிகை நெய்த பட்டில் இப்பரிசோதனைகள் எதுவும் வேண்டாம். புளிப்பும் பெராக்ஸைடும் சரிகையின் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். கூறைப் புடைவையில் கறை விழுந்தால், ஒற்றி எடுத்துவிட்டு, உலர் சலவை செய்பவரிடம் கொண்டு சென்று, இன்ன பொருள் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியரிடமும் சலவைக்காரரிடமும் உண்மையைச் சொல்வதே உத்தமம்.

ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொரு குலம்

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பி ஏமாறலாகாது. ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சு.

இரத்தம், பால், முட்டை ஆகியவை புரதச் சத்துள்ளவை. வெந்நீர் பட்டால் முட்டை கட்டிப்படுவது போலவே இவையும் நூலிழைக்குள் கட்டிப்படும். இவற்றுக்குக் குளிர்ந்த நீர் ஒன்றே முதல் மருந்து. மாதவிடாயின் இரத்தக் கறைக்கும் இதே விதிதான். கொதி நீரில் போட்டால் சுத்தமாகும் என்று தாய்மார் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கறையை நிலைக்கச் செய்கிறது. பால் கலந்த காப்பிக் கறைக்கும் இதனால்தான் வெந்நீர் கூடாது. காப்பியின் நிறத்தைக் கவனிக்குமுன் பாலைக் குளிர்ந்த நீரால் அனுப்பிவிட வேண்டும்.

மஞ்சள் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே சாம்பார்க் கறையில் எண்ணெயும் மஞ்சளும் கூட்டாளிகள். திரவச் சோப்பினால் முதலில் எண்ணெயை விலக்குங்கள். சோப்புப் பட்டு மஞ்சள் சிவந்தால் அச்சம் வேண்டாம்; அலசினால் பழைய நிறம் திரும்பும். பிறகு துணியை ஈரத்தோடு வெயிலில் விரியுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. இரண்டு மூன்று நாள் வெயிலில், ஒரு காசுச் செலவில்லாமல், அது வெளுத்துப் போகும்.

துருக் கறைக்கு எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைப்பது பழைய முறை, நல்ல முறையும்கூட. குளோரின் சேர்ந்த வெளுப்புத் திரவத்தைத் துருவின் மேல் ஊற்றினால் கறை இன்னும் கெட்டிப்படும்.

வாழைக் கறையோ இவற்றிலெல்லாம் கடினமானது. காயையும் பூவையும் நறுக்கும்போது வடியும் பால் முதலில் நிறமற்றிருக்கும், காற்றுப்பட்டபின் பழுப்பாகும். நிறம் தெரியாததால் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். நிறம் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. பால் பட்ட உடனே அலசினால் உண்டு. பழுத்த வாழைக் கறை பெரும்பாலும் துணியோடுதான் போகும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பழந்துணியை மடியில் விரித்துக்கொண்டு வாழைப்பூ ஆயும் பெரியவர்களின் வழக்கமே இதற்கு மருந்து.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இங்கே வாசகர்கள் மிக்க கவனத்துடன் படிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் துணியை வெளுப்பதற்குப் புல்வெளியில் விரித்துக் கார நீரிலும் புளித்த மோரிலும் மாறி மாறித் தோய்த்து மாதக்கணக்கில் வெயிலில் காயப் போடுவார்கள். 1774-ல் ஸ்வீடன் தேசத்து ஷேலே என்பவர் குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். அது நிறங்களை வெளுக்கச் செய்வதைப் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தோலே துணிக்குப் பயன்படுத்தினார். 1799-ல் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் டென்னன்ட், பிளீச்சிங் பவுடருக்கு உரிமை பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. இன்று பிளீச்சிங் பவுடரோ, வெளுப்புத் திரவமோ இல்லாத வீடு அரிது.

கறை போகவில்லை என்ற ஆத்திரத்தில் சிலர், வெளுப்புத் திரவத்தோடு வினிகரையோ எலுமிச்சம்பழத்தையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ கலந்துவிடுகிறார்கள். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்பது அவர்களுடைய கணக்கு. அப்படிக் கலந்தால் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆந் தேதி, பெல்ஜியம் தேசத்து ஈப்ரெ நகருக்கருகில் ஜெர்மானியர் பகைவர் மேல் ஏவிய விஷப் புகை இந்த வாயுதான். ஜன்னல் இல்லாத சிறு குளியலறையில் அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். அம்மோனியா கலந்த துடைப்புத் திரவங்களோடு சேர்த்தாலும் விஷ வாயு உண்டாகும். ஆகவே வெளுப்புத் திரவத்தைத் தனியே, நீர் சேர்த்து, காற்றோட்டமான இடத்தில் மட்டும் உபயோகிக்க வேண்டும். தவறிக் கலந்து காரமான நெடி எழுந்தால், துணியைப் பற்றிய கவலையை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் வைத்தியரிடம் செல்வதில் தாமதம் கூடாது. பட்டிலும் கம்பளியிலும் இத்திரவத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. கறையோடு துணியையும் அது அரித்துவிடும்.

இம்மருந்துகளைக் குடிதண்ணீர்ச் சீசாக்களில் ஊற்றி வைக்கும் வழக்கத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும். பார்ப்பதற்குத் தண்ணீர் போலிருக்கும் திரவத்தைக் குழந்தை ஒன்று குடித்துவிடுமானால், உலகத்திலுள்ள வெள்ளைத் துணியெல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகுமா?

நிற்க. கறையைக் குறித்து இவ்வளவு சொன்ன பின், அதை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரார் துணிகள் ஒன்றோடொன்று கலந்து போகாமலிருக்க, சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைப் பாலினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இடுவார்கள். உவர்மண்ணிலும் வெள்ளாவியிலும் எத்தனை முறை சென்று வந்தாலும் அக்குறி அழியாது. அழியும் நிறம் எது, அழியாத நிறம் எது என்பதை எழுத்தறியாத அந்தத் தொழிலாளர் எவ்வளவு நுட்பமாக அறிந்து வைத்திருந்தனர்! அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எத்தனையோ வேஷ்டிகள் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும்.

ஆவணி மாதத்துப் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுபடியும் நாவற்பழம் வீட்டுக்கு வரும். கறை பட்ட சட்டையோடு சிறுவன் வந்து நின்றால், வழக்கை ஐந்து நிமிஷம் ஒத்திவைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் குழாயடிக்குப் போங்கள். சிறுவனையும் கூட அழைத்துச் சென்று, துணியைத் திருப்பிப் பிடித்து அவன் கையாலேயே நீர் ஊற்றச் செய்யுங்கள். எலுமிச்சம்பழம் பட்டு நீலம் சிவப்பாக மாறுவதை அவன் பார்க்கட்டும். அடுத்த முறை கறை பட்டால், ஒளித்து வைக்காமல் தானே ஓடி வந்து சொல்லுவான். உடனே சொல்லப்பட்ட கறை, பாதி போன கறை.

துணிகளைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் முறைகளை அடுத்த இதழில் கவனிப்போம்.